குறைந்த செலவில் ஒரு படம்

திரைப்படம் எடுக்க விரும்பும் இளைஞர்கள், அதிலும் கையில் பணமில்லாத இளைஞர்கள், ஒருவரையொருவர் சந்திக்கும்போது தவறாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு. 'உமக்கு உந்துதல் எங்கிருந்து கிடைக்கிறது?' என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் ஒரு மேதையின் பெயரையோ, ஒரு புகழ்பெற்ற படத்தின் பெயரையோ பதிலாக எதிர்பார்க்கிறார். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் உரையாடல் இனிதே முடிந்துவிடும். ஆனால், ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பித்துக்கொண்டு, நான்கு ஆண்டுகளாக இருபது நிமிடப் படமொன்றை எடுக்க முயன்றுவரும் எனக்கு, இக்கேள்வி அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. உந்துதல் என்று நாம் சொல்வது எதை? அழகைக் கண்டு உண்டாகும் மயக்கத்தையா? பிறருடைய படைப்பைக் கண்டு உண்டாகும் ஆசையையா? அல்லது வேறொன்றையா? இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது, என்னைப் போல் வெறுங்கையோடு நிற்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படக்கூடும்.

முதலில் அழகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும் போலப் படம்பிடிக்க எளிதான இடம் வேறில்லை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807-இல் வெட்டுவித்த ஏரி நகரின் நடுவே கிடக்கிறது. அதன் கரையில் தலதா மாளிகை. மேலே ஹந்தானை மலை. கீழே வளைந்தோடும் மகாவலி. காலைப் பனி விலகும் வேளையில் எந்தத் திசையில் கமெராவைத் திருப்பினாலும் நாட்காட்டிப் படம் ஒன்று ஆயத்தமாக நிற்கும். இந்த எளிமையே இவ்வூரில் பிறந்த படப்பிடிப்பாளனுக்கு முதல் எதிரி. மலை தானே அழகாக இருந்துவிடுவதால், அதில் ஏறியிறங்கும் மனிதனைப் பார்க்க வேண்டிய கட்டாயம் கண்ணுக்கு ஏற்படுவதில்லை.

இம்மலைகளைத் தேடிவந்த கமெராக்களின் வரலாறும் இதையே சொல்லுகின்றது. 1934-இல் பாசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக எடுத்த 'இலங்கையின் பாடல்' உலக விவரணப் பட வரலாற்றில் உயர்ந்த இடம்பெற்றது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபர்ட் நொக்ஸ் எழுதிய நூலின் வாசகங்களை லயனல் வென்ட் தம் குரலில் வாசிக்க, யாத்திரிகர்களும் கண்டிய நடனக்காரரும் திரையில் தோன்றுகின்றனர். அதன் மூன்றாம் பகுதியில், உழைப்போரின் உருவங்களுக்கு மேலாகச் சந்தை விலைகளும் வணிகக் கட்டளைகளும் ஒலிக்கின்றன. பிரசாரப் பணத்தில் எடுத்த படத்துக்குள்ளேயே இத்தகைய முரணை வைத்த கலைஞனை நாம் மதிக்கத்தான் வேண்டும். எனினும், கொழுந்து பறிக்கும் பெண்ணின் குரலை அப்படத்தில் நாம் கேட்பதில்லை. விலைக்குக் குரல் இருந்தது. விரலுக்குக் குரல் இல்லை.

பின்னர் வந்தவர்கள் அந்த முரணையும் விட்டுவிட்டனர். 1954-இல் வெளியான 'எலிபன்ட் வோக்' துரைமாரின் பங்களாவைக் காட்டியது. 1957-இல் வெளியான 'குவாய் நதிப் பாலம்' கித்துல்கலையில் எடுக்கப்பட்டது. அதில் நமது களனி கங்கை பர்மாப் பக்கத்து ஆறாக நடித்தது. 1984-இன் 'இந்தியானா ஜோன்ஸ்' படத்துக்காக விக்டோரியா அணை எழுந்துகொண்டிருந்த இடத்துக்கு அருகே தொங்குபாலம் கட்டினார்கள். கண்டிப் பக்கத்து நிலம் ஓர் இந்தியக் கிராமமாயிற்று. நமது மலை இப்படி எத்தனையோ நாடுகளின் வேடத்தைப் போட்டிருக்கிறது. தன் சொந்த வேடத்தில் அது தோன்றியதுதான் குறைவு.

அடுத்தது, பிறர் படைப்பினால் பிறக்கும் ஆசை. இதைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. பேராதனையில், சுவரில் கட்டிய வெள்ளைத் துணியொன்றில், பழைய புரொஜெக்டர் இரைந்துகொண்டிருக்க, 'பதேர் பாஞ்சாலி'யை நான் முதன்முதலாகப் பார்த்த இரவு இன்றும் என் நினைவில் இருக்கிறது. விளம்பர நிறுவனமொன்றில் வேலை பார்த்த சத்யஜித் ராய், 1952-இல் அப்படத்தைத் தொடங்கி 1955-இல் வெளியிட்டார். ஒளிப்பதிவு செய்த சுப்ரத மித்ராவுக்கு அப்போது வயது இருபத்தொன்று. அதற்கு முன் சினிமாக் கமெராவை அவர் இயக்கியதில்லை. முதலில் நாணற் பூக்கள் நிறைந்த வெளியில் ஒரு காட்சியை எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் போனபோது பூக்களை மாடுகள் தின்று தீர்த்திருந்தன. மறுபடி பூக்கும் பருவம் வரை காத்திருந்தார்கள். பணம் தீர்ந்தபோது மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. ஈற்றில் மேற்கு வங்க அரசு தந்த பணம் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டதாம். பணமுள்ளவன் பணத்தால் கொடுப்பதை, பணமில்லாதவன் காலத்தால் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

நமது நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ' 1947-இல் எஸ். எம். நாயகத்தின் தயாரிப்பாகத் தமிழ்நாட்டு ஸ்டூடியோவிலே உருவானது. அவ்வழியே சென்றுகொண்டிருந்த சிங்களத் திரையை வெயிலுக்கும் வெளிக்கும் கொண்டுவந்தவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். அரசாங்கத் திரைப்படப் பிரிவின் வேலையை விட்டு வெளியேறி, ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் த சில்வா ஆகியோருடன் சேர்ந்து, 1956-இல் 'ரேகாவ' படத்தை அவர் அளித்தார். அது கான் விழாவுக்குச் சென்றது. உள்ளூரில் பணம் ஈட்டவில்லை. அவர் தளரவில்லை. 1963-இன் 'கம்பெரலிய' 1965-இல் புதுடில்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது பெற்றது.

தமிழிலோ, ஜெயகாந்தன் 'உன்னைப் போல் ஒருவன்' கதையைத் தாமே படமாக்கி, பெரிய நட்சத்திரங்களின் துணையின்றிச் சேரி மக்களின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தார். கேரளத்தில் ஜோன் ஆபிரகாமும் தோழர்களும் 'ஒடேசா' என்ற மக்கள் இயக்கத்தை அமைத்து, ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் சிறுகச் சிறுக நிதி திரட்டி, 1986-இல் 'அம்ம அறியான்' என்ற படத்தை ஆக்கினார்கள். பார்வையாளனே தயாரிப்பாளன் ஆனான். நம்மைப் போன்றோர் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடம் இது.

இலங்கைத் தமிழ்த் திரையும் ஏழைப் பிள்ளையாகவே பிறந்தது. 1962-இல் 16 மில்லிமீற்றர்ச் சுருளில் 'சமுதாயம்' வந்தது. 1963-இல் 'தோட்டக்காரி' வந்தது. தலைப்பைக் கவனியுங்கள்: முளைக்கும்போதே அந்தத் திரை மலையை நோக்கித் திரும்பியிருந்தது. 1975-இல் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து அதில் நடித்தார். பின்னர் தென்னிந்தியப் படங்களின் போட்டியும் 1983 யூலை வன்செயலும் அவ்விளஞ்செடியை வாட்டின. ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ அந்த யூலையில் தீக்கிரையாயிற்று. எனினும் வேர் கருகிவிடவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவாறே படங்களையும் இயக்கிய சுமதி சிவமோகன், மலையகத் தமிழரைப் பற்றி 'இங்கிருந்து' என்ற படத்தை 2013-இல் அளித்தார். 'நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?' என்று இருநூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் ஒரு சமூகத்துக்கு அத்தலைப்பே விடையாக எனக்குப் பட்டது.

இத்தனை முன்னோடிகள் இருந்தும், ஆசை மட்டும் படமாகிவிடவில்லை. நான் எழுதிய முதற் கதைகள் யாவும் பார்த்த படங்களின் நிழல்களாக இருந்தன. என் கதைச் சிறுவன் ராயின் சிறுவனைப் போலவே இரயிலைப் பார்க்க ஓடினான். நமது மலையில் கோச்சியைப் பார்க்கச் சிறுவர் ஓடுவதுண்டுதான். ஆனால் கோச்சிக்கு இங்கே வேறொரு வரலாறும் உண்டு. 1948-இன் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் உடன்பட்டனர். அதன் பின்னர், தலைமன்னாரை நோக்கி உறவுகளைப் பிரித்தேற்றிச் சென்ற வண்டிக்கு மக்களே 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டார்கள். வங்கத்துச் சிறுவனுக்கு வியப்பாக இருந்த இரயில், என் பாட்டிக்கு அழுகையாக இருந்தது. பிறருடைய உவமையைக் கடன் வாங்கும்போது நம் வரலாற்றை அடகு வைத்துவிடுகிறோம் என்பதை நான் அப்போதுதான் கண்டேன்.

அப்படியானால் எனக்கான உந்துதல் எங்கிருந்து வந்தது? ஒரு பயிற்சிக் கொப்பியிலிருந்து வந்தது.

எட்டாம் வகுப்பு மாணவருக்கு ஒருநாள் கட்டுரைப் பயிற்சி கொடுத்தேன். 'அதிகாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை உங்கள் வீட்டில் நீங்கள் கேட்கும் ஒலிகளை எழுதுங்கள். கண்ணால் கண்டதை எழுத வேண்டாம்' என்பதே பயிற்சி. சேவல், கோயில் மணி, குழாயடிச் சண்டை, வானொலி என்று பலரும் எழுதியிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் நான்கே வரிகளில் முடித்திருந்தாள். அவளுடைய தாய் ரொட்டி தட்டும் ஓசையை முதல் வரியில் எழுதியிருந்தாள். அடுத்து, தாய் படங்கை உதறி இடுப்பில் கட்டும் ஓசை. அடுத்து, தகரக் கதவைச் சாத்தும்போது பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதென்று அதை மெல்லத் தூக்கிப்பிடித்துச் சாத்துவதால் உண்டாகும் சிறு ஓசை. நான்காவது வரியில், தான் விழித்துத்தான் இருப்பதாகவும், அது தாய்க்குத் தெரியாதென்றும் எழுதியிருந்தாள்.

கொப்பியை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் தேடிக்கொண்டிருந்த படம் அந்த நான்கு வரிகளுக்குள் இருந்தது. லயத்துக் காம்பராவின் இருட்டு, தாயின் அவசரம், மகளின் மௌனம், இருவருக்கும் இடையிலுள்ள அன்பு, அந்த அன்பை ஆறு மணிக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லும் பெரட்டு, எல்லாமே அதில் அடங்கியிருந்தன. அதற்கு யானையும் பாலமும் தேவையில்லை. ஒரு கதவு போதும். அச்சிறுமியிடமும் அவள் தாயிடமும் அனுமதி பெற்று, அந்தக் கதவிலிருந்து கதையை எழுதத் தொடங்கினேன்.

செலவைக் கணக்கிட்டேன். நண்பர் ஒருவரின் கைத்தொலைபேசியே கமெரா. முக்காலியைத் தச்சர் ஒருவர் செய்து தந்தார். ஒலிவாங்கி ஒன்றை மட்டும் விலைக்கு வாங்கினோம். படச்சுருள் காலத்தில் 16 மில்லிமீற்றரில் 400 அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் ஓடித் தீர்ந்துவிடும்; ஒவ்வோர் அடிக்கும் விலை உண்டு. ஆகவே எதை எடுப்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே சிந்தித்தார்கள். இன்று சுருள் இல்லை; எவ்வளவும் எடுக்கலாம். சிந்தனைதான் அரிய பொருளாகிவிட்டது. எனவே நாங்களும் ஒரு விதி வகுத்துக்கொண்டோம்: ஒரு காட்சியை மூன்று முறைக்கு மேல் எடுப்பதில்லை. இவ்வாறெல்லாம் திட்டமிட்டு, குறைந்த செலவில் ஒரு படம் எடுக்கப் போகின்றோம் என்ற பெருமிதத்தோடு, அதே தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் என் பெரியம்மாவிடம் போனேன். தாய் வேடத்தில் அவர் நடிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அவர் கதையை முழுவதும் கேட்டார். பிறகு ஒன்று கேட்டார்.

"ஏந் தம்பி, நா ஒங் கமெராவுக்கு முன்னுக்கு ஒரு மணித்தியாலம் நின்னா, அந்த ஒரு மணித்தியாலக் கொழுந்த யாரு எடுப்பா? மடுவத்துல நெற கொறஞ்சா அரப்பேருதான் போடுவாங்க. ஒம் படத்துக்குச் செலவு கொறவுன்னு சொல்ற. எனக்குல்ல செலவு?"

தோட்ட வாழ்வை அறியாத வாசகருக்கு இதை விளக்க வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று கொழுந்துக்கு அளவு உண்டு. கொழுந்து மடுவத்தில் தராசில் போட்டு, சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்த பின் நிற்கும் நிறைதான் கணக்கு. அது குறைந்தால் அன்றைய நாளுக்கு 'அரைப்பேர்' விழும். அதாவது பாதிச் சம்பளம். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டும் என்று இம்மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி, 2021-இல்தான் அது வர்த்தமானியில் ஏறியது. அத்தகைய சம்பளத்தில் பாதியைத்தான் என் கலை அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை எடுப்போம், பெரியம்மா" என்றேன்.

"ஞாயித்துக்கெழம மட்டும் சும்மாவா இருக்கேன்? வெறகு, துணி, சாமான் வாங்க டவுனு, கோயிலு. ஒனக்கு லீவு, எனக்கு வேற வேல" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொன்னார்.

திரைக்கலை பற்றி நான் படித்த எந்த நூலும் இக்கேள்வியை என்னிடம் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. குறைந்த செலவுப் படம் என்று நாம் பெருமையோடு சொல்லும்போது, குறைந்த அந்தச் செலவு எங்கே போயிற்று என்று பார்க்கிறோமா? பல வேளைகளில் அது மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் தலையில் ஏறியிருக்கிறது. நடித்த பெண் இழந்த சம்பளமாக, சமைத்துப் போட்ட தாயின் கண்விழிப்பாக, தூக்கிச் சுமந்த தோழனின் கூலியற்ற உழைப்பாக அது இருக்கிறது. இத்தாலியில் டி சிக்கா 1948-இல் 'சைக்கிள் திருடர்'களை எடுத்தபோது, நாயகனாக நடித்தவர் லம்பெர்த்தோ மஜ்ஜொராணி என்ற ஆலைத் தொழிலாளி. தொழிலாளியின் முகத்தைத் திரைக்குத் தந்தது அப்படத்தின் மாபெரும் சாதனை. படம் முடிந்த பின் அவருடைய நாட்கள் எப்படிக் கழிந்தன என்ற கேள்வியையும் நாம் சேர்த்தே கேட்க வேண்டும். உழைக்கும் மக்களைக் காட்டுகிறோம் என்பதனாலேயே ஒரு படம் உழைக்கும் மக்களின் பக்கம் நிற்பதாக ஆகிவிடாது. அது எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதும் அதன் உள்ளடக்கத்தைச் சேர்ந்ததே.

இதனிடையே தோட்ட நிர்வாகம் ஒன்றுக்கு அனுமதி கேட்டு எழுதினோம். வேலை நேரத்தில் மலைக்குள் படம்பிடிக்க இயலாது என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. அதே வாரத்தில், உல்லாசப் பயணிகள் வேனிலிருந்து இறங்கிக் கொழுந்துக் கூடைகளோடு நின்ற பெண்களைப் படம்பிடித்துச் சென்றதை நான் பார்த்தேன். அழகைப் பிடிக்க அனுமதி தேவையில்லை. கணக்கைப் பிடிக்கத்தான் அனுமதி தேவை போலும்!

இவ்விரு தடைகளும் சேர்ந்து எங்கள் படத்தை மாற்றின. மலையைப் படத்திலிருந்து நீக்கிவிட்டோம். இருட்டு விலகுமுன் காம்பராவுக்குள் நடப்பதும், மாலையில் அவர்கள் திரும்பி வந்த பின் நடப்பதும் மட்டுமே படம். இடையிலுள்ள பகல் முழுவதும் ஒலியாகவே வரும். அந்தப் பகலைப் பிள்ளைகள் பாடசாலையில் இருந்தபடி கற்பனை செய்வார்கள். பெரியம்மாவுக்கென்று புதிய செயல் எதையும் நாங்கள் எழுதவில்லை. அவர் எப்படியும் செய்யும் வேலைகளை, அவர் செய்யும் நேரத்திலேயே எடுக்கிறோம். அப்படியிருந்தும், படம்பிடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நடிப்பவருக்கு ஒரு முழுப்பேர் கொடுப்பதென்று முடிவுசெய்தோம். அப்பணத்தை ஆசிரிய நண்பர்கள் சிலர் மாதந்தோறும் சிறு தொகையாகச் சேர்க்கின்றனர். பணம் சேர்ந்த மாதம் இரண்டு நாள் எடுக்கிறோம். சேராத மாதம் எடுப்பதில்லை. ஆகவேதான் இருபது நிமிடத்துக்கு இவ்வளவு காலம் ஆகின்றது.

இதனால் படம் ஏழ்மைப்பட்டதா என்றால், இல்லை என்றே சொல்வேன். சென்ற மாதம் எடுத்த காட்சியொன்றில், கதவைச் சாத்தப் போன பெரியம்மா ஒரு கணம் நின்று, படுத்திருந்த பிள்ளையின் காலை மூடிவிட்டு, பிறகு சாத்தினார். நாங்கள் அதை எழுதவில்லை. அது நாள்தோறும் நடப்பது என்பதால் அவருக்கு அது நடிப்பாகவும் தோன்றவில்லை.

என் மனத்தில் அடுத்த படமும் இருக்கிறது. அதற்கும் நான் தொலைவு போக வேண்டியதில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர இப்பக்கத்து மலைகளில்தான் இருக்கிறது. கண்டிக்கு இரயில் வந்ததும் அதே ஆண்டில். 1940 சனவரி 10-ஆம் நாள், சங்க உரிமைக்காகவும் கூலிக்காகவும் எழுந்த போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான முல்லோயாத் தோட்டமும் இப்பக்கத்தில்தான். தேயிலையின் முதற்செடியைக் காண வழிகாட்டிப் பலகைகள் உண்டு. உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். கோவிந்தனுக்கு ஒரு திரை வேண்டும். அதை எடுப்பதற்கு என்னைவிடத் திறமையுள்ள மாணவர் யாரேனும் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவர் எனக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

2023-இல், மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றார்கள். காட்டுவழியாக நடந்து வந்த முன்னோரின் பாதை அது. அந்நடையில் எத்தனையோ கைகளில் கைத்தொலைபேசிகள் உயர்ந்திருந்ததைக் கண்டேன். கமெரா இப்போது நம் மக்களின் கைக்கு வந்துவிட்டது. இனிப் பொருள் இல்லை என்று சொல்லி நாம் ஒதுங்க முடியாது. ஆசிரியர்கள் செய்யக்கூடிய சிறு பணி ஒன்றுண்டு: மாணவரிடம் 'அழகான காட்சி ஒன்றைப் படம்பிடித்து வா' என்று சொல்வதற்குப் பதிலாக, 'உன் வீட்டில் யாரும் கவனிக்காத வேலை ஒன்றைக் கேட்டு எழுதி வா' என்று சொல்லிப் பாருங்கள். படங்களுக்கான கதைகள் கொப்பி கொப்பியாக வந்து குவியும்.

எங்கள் படம் முடிந்ததும் அதை முதலில் கண்டி நகரிலோ கொழும்பிலோ காட்டப் போவதில்லை. தோட்டத்துக் கோயில் முற்றத்தில் துணி கட்டிக் காட்டுவதாகப் பெரியம்மாவுக்கு வாக்களித்திருக்கிறோம். நாளும் அவர்தான் குறிப்பார்; மறுநாள் பெரட்டு இல்லாத இரவாக அது இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. இன்னும் ஐந்து நாள் படப்பிடிப்பு மிஞ்சியிருக்கிறது. ஐந்து முழுப்பேர் சேர வேண்டும்.